கள்ளியும் குடியரசுத் தலைவரும்: பாடத்திட்டக் குழுக்களுக்கு ஒரு திறந்த மடல்

இளநிலைப் பட்டப் படிப்புகளுக்குப் பாடத்திட்டம் வகுக்கும் பல்கலைக்கழகக் குழுக்களின் தலைவர்களுக்கும் உறுப்பினர்களுக்கும்,

வணக்கம்.

தாவர அறிவியலை முதன்மைப் பாடமாகவும் ஒப்பீட்டு அரசியலை விருப்பப் பாடமாகவும் எடுத்துப் படித்து, பின்னர் முதலாமாண்டு மாணவர்களுக்குத் தாவர அறிவியல் கற்பிக்க வந்த ஓர் ஆசிரியரின் மடல் இது. இவ்விரண்டும் எப்படிச் சேர்ந்தன என்று கேட்பவர்களிடம், கால அட்டவணையில் அந்த நேரத்துக்கு வேறு விருப்பப் பாடம் கிடைக்கவில்லை என்ற உண்மையைத்தான் சொல்லிவந்திருக்கிறேன். ஆனால் தற்செயலாக அமைந்த அந்தச் சேர்க்கையால் எனக்குக் கிடைத்த ஒரு பயிற்சி, இரு பாடங்களில் எதன் பாடத்திட்டத்திலும் எழுதப்பட்டிருக்கவில்லை. ஒப்பிடுவது எப்படி என்பதே அந்தப் பயிற்சி. அதை நீங்கள் பாடத்திட்டத்திலேயே எழுதிவைக்க வேண்டும், இரு துறை மாணவர்களும் ஒரே வகுப்பில் அமர்ந்து கற்கும் ஒரு தாளாக அதை அமைக்க வேண்டும் என்று கேட்பதற்காகவே எழுதுகிறேன்.

இளநிலைத் தாவர அறிவியலின் பருவங்கள் பெரும்பாலும் ஓர் ஊர்வலம்போல் நகர்கின்றன: பாசிகள், பூஞ்சைகள், பிரையோஃபைட்டுகள், டெரிடோஃபைட்டுகள், ஜிம்னோஸ்பெர்ம்கள், கடைசியாகப் பூக்கும் தாவரங்கள். (பூஞ்சைகள் தாவரங்களைவிட விலங்குகளுக்கே நெருங்கிய உறவு என்பது தெரிந்து பல காலம் ஆகியும் அவை இந்த ஊர்வலத்தைவிட்டு விலகியபாடில்லை.) ஒப்பீட்டு அரசியலின் தாள்களும் பிரிட்டன், அமெரிக்கா, பிரான்ஸ், சுவிட்சர்லாந்து, சீனா என்று நாடு நாடாகவே செல்கின்றன, ஒவ்வொரு நாட்டுக்கும் சட்டமன்றம், நிர்வாகம், நீதித்துறை, கட்சிகள் என்ற அதே நான்கு உட்தலைப்புகள் திரும்பத் திரும்ப வருகின்றன. ஒரு துறையில் ரெக்கார்டு நோட்டில் பாகம் குறித்த படம் வரைகிறார்கள். மறு துறையில் நடுவே கோடு போட்டு இரண்டு பத்திகளாக 'வேறுபடுத்துக' வினாவுக்கு விடை எழுதுகிறார்கள். இரண்டு பட்டியல்களை அருகருகே எழுதினால் அது ஒப்பீடு என்று மாணவர்களும் நம்புகிறார்கள், விடைத்தாள் திருத்தும் நாங்களும் நம்புவதுபோல் மதிப்பெண் போடுகிறோம். எந்தக் கேள்விக்கு விடை தேடி இவ்விரண்டையும் அருகருகே வைத்தோம் என்பது அந்த இரண்டு பத்திகளில் எங்குமே இருப்பதில்லை.

இவ்விரு பாடங்களும் ஒரு காலத்தில் ஒரே கூரையின்கீழ் இருந்தவை. ஏதென்ஸில் அரிஸ்டாட்டில் நடத்திய லைசியம் பள்ளியில் 158 அரசுகளின் ஆட்சியமைப்புகள் தொகுக்கப்பட்டதாகப் பழைய நூற்பட்டியல்கள் சொல்கின்றன. அவற்றுள் ஏதென்ஸைப் பற்றியது மட்டும், எகிப்தில் கிடைத்த பாப்பிரஸ் ஏடுகளின் துணையால், 1891-இல் அச்சேறியது. அதே பள்ளிக்கு அவருக்குப் பின் தலைமையேற்ற தியோஃபிராஸ்டஸ் தாவரங்களைப் பற்றி எழுதிய இரண்டு பெரும் நூல்கள் இன்றும் உள்ளன. தாவரங்களை மரம், புதர், குறும்புதர், பூண்டு என நான்காகப் பிரித்த அவர், இந்த வரையறைகளைப் பொதுப்படையாகவே கொள்ள வேண்டும், சில தாவரங்கள் இரண்டு பிரிவுகளிலும் கால் வைக்கும் என்ற கருத்தையும் உடனே சேர்த்தே சொன்னார். நம் தேர்வு வழிகாட்டி நூல்களில் இந்த ஒப்புதல் கிடைப்பது அரிது. தமிழ் படித்தவர்களுக்கு இங்கே இன்னொன்றும் நினைவுக்கு வரும். தொல்காப்பியத்தின் மரபியல், வைரம், அதாவது தண்டின் கெட்டியான பகுதி, வெளிப்புறத்தில் இருப்பவற்றைப் புல் என்றும் உட்புறத்தில் இருப்பவற்றை மரம் என்றும் பிரிக்கிறது. உயரத்தைக் கண்டு மயங்காமல் ஒரு பண்பைத் தேர்ந்தெடுத்து ஒப்பிட்டதால்தான் வானளாவ நிற்கும் பனை அங்கே புல்லின் பக்கம் போய்ச் சேர்ந்தது. இன்றைய மூலக்கூறு வகைப்பாடும் பனைக் குடும்பத்தையும் புல் குடும்பத்தையும் ஒருவித்திலைத் தாவரங்களின் ஒரே பெருங்கிளைக்குள்தான் வைக்கிறது.

நான் சொல்லவரும் பயிற்சி என்ன என்பதை ஒரு கள்ளித் துண்டைக்கொண்டு விளக்குவது எளிது. சப்பாத்திக்கள்ளி, சதுரக்கள்ளி ஆகிய இரண்டையும் தமிழ் கள்ளி என்றே அழைக்கிறது. சதைப்பற்றுள்ள பச்சைத் தண்டு, முள், இலை இன்மை அல்லது இலைக் குறைவு ஆகியவற்றைக் கண்ட எந்தக் கண்ணும் அப்படித்தான் பெயர் வைக்கும். இரண்டையும் கீறிப் பார்த்தால் சதுரக்கள்ளியில் பால் வடிகிறது, சப்பாத்திக்கள்ளியில் வடிவதில்லை. பூவைப் பார்த்தால் உறவே இல்லை என்பது இன்னும் தெளிவாகத் தெரியும். சதுரக்கள்ளி ஆமணக்கின் குடும்பத்தைச் சேர்ந்தது. சப்பாத்திக்கள்ளி அமெரிக்கக் கண்டங்களில் தோன்றிய வேறொரு குடும்பம். ஒரே வறட்சி, இரண்டு வெவ்வேறு பரம்பரைகளை ஏறத்தாழ ஒரே உருவத்துக்குக் கொண்டுவந்திருக்கிறது. இதைக் குவி பரிணாமம் என்ற தலைப்பில் 2 மதிப்பெண் வினாவாக எல்லா மாணவர்களும் எழுதிவிடுவார்கள். முள் என்ற சொல்லை அவர்களிடம் கொடுத்துப் பாருங்கள், அப்போது தெரியும். சப்பாத்திக்கள்ளியின் முள் இலையின் மாற்றுரு. காகிதப்பூவின் முள் கிளையின் மாற்றுரு. கருவேலத்தின் முள் இலையடிச்செதிலின் மாற்றுரு. ரோஜாவின் முள்ளோ தண்டின் மேற்பரப்பிலிருந்து எழும் வெறும் வளர்ச்சி, விரலால் பக்கவாட்டில் தள்ளினாலே பெயர்ந்து வந்துவிடும். குத்துவதால் நான்கும் முள்தான். ஆனால் 'முள் உள்ள தாவரங்கள் எத்தனை' என்று எண்ணி அதிலிருந்து ஒரு பொதுவிதி சொல்லப் புறப்படுபவர், நான்கு வெவ்வேறு பொருள்களைக் கூட்டி ஒரு தொகை சொல்கிறார்.

இதே தவற்றை நான் ஒப்பீட்டு அரசியல் வகுப்பில் செய்தேன். குடியரசுத் தலைவர் பதவி உள்ள சில நாடுகளைச் சேர்த்து ஒரு கட்டுரை எழுதிக் கொடுத்தபோது, ஆசிரியர் அதை முழுதாகத் திருத்தாமல், ஓரத்தில் 'ஏன் இந்த நாடுகள்? இந்தப் பதவி எல்லா இடத்திலும் ஒன்றேதானா?' என்று இரண்டு கேள்விகளை மட்டும் எழுதித் திருப்பித் தந்தார். அமெரிக்காவின் குடியரசுத் தலைவர் நாட்டின் தலைவரும் அரசாங்கத்தின் தலைவரும் ஆவார். ஜெர்மனியில் அதே பெயருடைய பதவி பெரும்பாலும் சடங்குத் தன்மை கொண்டது. கூட்டாட்சிப் பேரவை ஒன்று அவரைத் தேர்ந்தெடுக்கிறது, ஆட்சி நடத்துபவர் சான்சலர். பிரான்ஸில் 1962-இல் நடந்த பொதுவாக்கெடுப்புக்குப் பின் குடியரசுத் தலைவரை மக்களே நேரடியாகத் தேர்ந்தெடுக்கிறார்கள், ஆனால் பிரதமரும் உண்டு, அவர் நாடாளுமன்றத்துக்குப் பொறுப்பானவர். சுவிட்சர்லாந்தில் 7 பேர் கொண்ட கூட்டாட்சிக் குழுவின் உறுப்பினர் ஒருவர் ஓராண்டுக்கு மட்டும் அப்பெயரைச் சுமக்கிறார். சொல் ஒன்று, உறுப்பு நான்கு. கட்டுரை திரும்பி வந்த மறுநாள் செய்முறை வகுப்பில் மேசைமேல் முட்கள் பரப்பி வைக்கப்பட்டிருந்தன. அன்றுதான் எனக்கு இரண்டு பாடமும் ஒருசேரப் புரிந்தது. அரசியல் அறிஞர் ஜியோவானி சர்தோரி 1970-இல், ஒரு கருத்தாக்கத்தை மேலும் மேலும் நாடுகளுக்கு நீட்டிக்கொண்டே போனால் அதன் பொருள் நைந்துவிடும் என்று எச்சரித்ததும், அமைப்பு ஒத்த உறுப்புகளையும் செயல் ஒத்த உறுப்புகளையும் பிரித்தறியச் சொல்லும் தாவரப் புறத்தோற்றவியலும் ஒரே கவலையையே பேசுகின்றன. ஆனால் அரசியல் மாணவருக்கு முள்ளைக் காட்டுவார் இல்லை. தாவர அறிவியல் மாணவருக்குச் சொல் மாயத்தைப் பற்றி எச்சரிப்பார் இல்லை.

இன்னும் ஆழமான ஒன்றுக்கு வருகிறேன்; இந்த மடலின் மையம் அதுதான். 1888-இல் எட்வர்ட் டைலர் என்ற மானிடவியலர், அறிஞர் அவை ஒன்றில், ஏறத்தாழ 350 மக்கள் குழுக்களின் திருமண, வழிமரபு வழக்கங்களை அட்டவணையிட்டு, எந்த வழக்கம் எதனோடு சேர்ந்து வருகிறது என்று எண்ணிக் காட்டினார். அந்த அவையில் இருந்த புள்ளியியலர் ஃபிரான்சிஸ் கால்டன் ஒரே ஒரு கேள்வி கேட்டார்: இந்தக் குழுக்கள் ஒன்றையொன்று சாராதவைதாமா, அல்லது ஒரே மூலத்திலிருந்து நகலெடுத்தவையா? ஒரே வழக்கத்தைப் பக்கத்திலிருந்த பத்துக் குழுக்கள் கடன் வாங்கியிருந்தால், அங்கே இருப்பது பத்துச் சான்றுகள் இல்லை, ஒன்றுதான். ஒப்பீட்டு அரசியலில் இது இன்றும் கால்டன் சிக்கல் என்றே வழங்குகிறது. நாடாளுமன்ற முறையைக் கொண்ட இருபது நாடுகளை ஒருவர் எடுத்துக்கொண்டு, அம்முறை எதற்கு இட்டுச் செல்கிறது என்று கேட்கிறார் என்று வையுங்கள். அவற்றுள் பெரும்பாலானவை ஒரே பேரரசின் முன்னாள் குடியேற்ற நாடுகளாக இருந்தால், அவை தங்கள் நாடாளுமன்றத்தோடு சட்ட மரபையும் நிர்வாக மொழியையும் பணியாளர் தேர்வு முறையையும் சேர்த்தே பெற்றுக்கொண்டவை. எது எதற்குக் காரணம் என்று அந்த இருபதை வைத்துப் பிரித்துச் சொல்ல இயலாது.

இதே சிக்கலை உயிரியல் ஏறத்தாழ ஒரு நூற்றாண்டு கழித்து நேருக்கு நேர் சந்தித்தது. உயிரியலர் ஜோசப் ஃபெல்சன்ஸ்டைன் 1985-இல் வெளியிட்ட கட்டுரை, ஒரு பண்பு இன்னொரு பண்போடு சேர்ந்து மாறுகிறதா என்று சிற்றினங்களை எண்ணிப் பார்ப்பவர்கள், நெருங்கிய உறவுடைய சிற்றினங்களைத் தனித்தனிச் சான்றுகளாக எண்ணக் கூடாது என்று காட்டியதோடு, பரிணாம மரத்தின் கிளைபிரியும் இடங்களில் உள்ள வேறுபாடுகளை எண்ணும் வழியையும் தந்தது. ஒரே பேரினத்தில் மயிரடர்ந்த இலை கொண்ட முப்பது சிற்றினங்கள் வறண்ட நிலத்தில் வாழ்ந்தால், மயிருக்கும் வறட்சிக்கும் உறவு உண்டு என்று முப்பது முறை நிரூபணமாகிவிடவில்லை. அவற்றின் மூதாதை ஒன்றுக்கு மயிரும் இருந்தது, அது வறண்ட நிலத்திலும் இருந்தது என்று ஒருமுறை தெரிகிறது. இதற்கு எதிர்த் துருவம்போல், இலைக்குள் கரியமில வாயுவைச் செறிவாக்கிக்கொள்ளும் சி4 ஒளிச்சேர்க்கை நிற்கிறது. மக்காச்சோளத்திலும் கரும்பிலும் காணப்படும் இந்த வழிமுறை, பூக்கும் தாவரங்களின் வரலாற்றில் 60 முறைக்கும் மேல் தனித்தனியாகத் தோன்றியிருக்கிறது. அதனால்தான் வெப்பமும் ஒளியும் மிகுந்து, கரியமில வாயு குறைந்த சூழலோடு அதற்குள்ள தொடர்பை அறிவியலர்கள் அவ்வளவு உறுதியாகப் பேச முடிகிறது. ஒரே கேள்வி, ஒரே இடறல், ஒரே வகைத் தீர்வு. அரசியல் மாணவருக்குப் பரிணாம மரம் ஒன்றைக் கையில் கொடுத்துக் கிளைகளை எண்ணச் சொன்னால் கால்டன் சிக்கல் அரை மணி நேரத்தில் விளங்கிவிடும். தாவர அறிவியல் மாணவருக்குக் குடியேற்ற நாடுகளின் அரசமைப்புகளைக் காட்டினால், வழிமரபு என்றால் சேர்ந்து வரும் சுமை என்பது ஒரே வகுப்பில் உறைக்கும். என் அனுபவத்தில் இது இரு துறையிலும் முதுநிலைக்கு முன் காதில் விழுவதில்லை, பலருக்கு அப்போதும் விழுவதில்லை.

எண்ணிக்கையைப் பற்றியும் ஒரு சொல். ஐக்கிய நாடுகள் அவையில் 193 உறுப்பு நாடுகள் உள்ளன. நாளக்கற்றை உடைய தாவரங்களில் அறியப்பட்ட சிற்றினங்கள் ஏறத்தாழ 3,50,000. ஒப்பீட்டு அரசியலின் தீராத வருத்தம் காரணிகள் பல, நாடுகள் சில என்பது. அரசியல் அறிஞர் அரெண்ட் லைப்ஹார்ட் 1971-இல் அதைத்தான் துறையின் அடிப்படைச் சிக்கல் என்று எழுதினார். தாவர அறிவியலுக்கு அந்த வறுமை இல்லை. ஆனாலும் உலர்தாவரத் தொகுப்புகளில் இருக்கும் தாள்களைப் புரட்டினால், சாலையோரம் கிடைத்தவையும் பூத்திருந்தபோது கண்ணில் பட்டவையுமே மிகுதி என்பது தெரியும். புரட்சி நடந்த நாடுகளை மட்டும் படித்துவிட்டுப் புரட்சிக்குக் காரணம் சொல்பவரும், பூத்த செடிகளை மட்டும் சேகரித்துவிட்டு அந்தச் செடி எங்கெல்லாம் வாழும் என்று சொல்பவரும் ஒரே பள்ளத்தில் விழுகிறார்கள். 3,50,000 இருந்தும் விழலாம், 193 இருந்தும் விழலாம்.

சோதனை என்ற சொல் அறிவியல் மாணவருக்குப் பெருமையையும் அரசியல் மாணவருக்குத் தாழ்வு மனத்தையும் தருவதைப் பார்த்திருக்கிறேன். இரண்டும் தேவையற்றவை. கலிஃபோர்னியாவில் கிளாசன், கெக், ஹீசி ஆகிய ஆய்வாளர்கள் மூவரும் பொட்டன்டில்லா என்ற செடியின் பல்வேறு இடத்து வகைகளை எடுத்து, ஒவ்வொரு தனிச்செடியையும் துண்டுகளாகப் பிரித்து, கடல்மட்டத்துக்கு அருகில் ஏறத்தாழ 30 மீட்டர், மலைச்சரிவில் 1,400 மீட்டர், உச்சிக்கு அருகில் 3,050 மீட்டர் உயரங்களில் இருந்த மூன்று தோட்டங்களிலும் நட்டு வளர்த்து 1940-இல் முடிவுகளை வெளியிட்டார்கள். ஒரே செடியின் துண்டுகள் மூன்று இடங்களில் வேறுவேறாக வளர்ந்தால் அது இடத்தின் வேலை. ஒரே தோட்டத்தில் வளர்ந்த வெவ்வேறு இடத்துச் செடிகள் அப்போதும் வேறுபட்டு நின்றால் அது பரம்பரையின் வேலை. கடலோரத்து வகைகள் உச்சித் தோட்டத்தில் பிழைக்கவில்லை. இரண்டு காரணங்களையும் பிரித்துக் காட்டிய இவ்வளவு எளிய ஏற்பாட்டை நான் வேறெங்கும் கண்டதில்லை. அரசியல் ஆய்வாளர் ஒரு மக்கள் கூட்டத்தை இரண்டாகப் பிரித்து இரண்டு நாடுகளில் நட்டு வளர்க்க முடியாதுதான். ஆனால் வரலாறு சில நேரம் அதைச் செய்து வைத்திருக்கிறது. ஆப்பிரிக்காவில் இன்று மலாவி, சாம்பியா என்று இரு நாடுகளுக்கு இடையே உள்ள எல்லைக்கோடு, 1891-இல் நிர்வாக வசதிக்காக வரையப்பட்டபோது, செவா, தும்புகா ஆகிய இரு இனக்குழுக்களும் கோட்டின் இருபுறமும் பிரிந்தன. மொழியும் வழக்கங்களும் இருபுறமும் ஒன்றே. ஆனால் அரசியல் அறிஞர் டேனியல் போஸ்னர் 2004-இல் வெளியிட்ட ஆய்வின்படி, மலாவியில் இவ்விரு குழுக்களும் ஒருவரையொருவர் அரசியல் எதிரிகளாகப் பார்க்க, சாம்பியாவில் நட்புக் குழுக்களாகவே பார்க்கின்றன. மலாவியில் இரு குழுக்களும் தனித்தனியே ஒரு கட்சிக்கு அடித்தளமாக நிற்கும் அளவுக்குப் பெரியவை. சாம்பியாவின் பரந்த அரங்கில் இரண்டுமே சிறியவை, எனவே கிழக்குப் பகுதியினர் என்று சேர்ந்து நிற்பதே அங்கே பயன் தருகிறது. பொட்டன்டில்லாத் தோட்டங்களைப் படித்த மாணவருக்கு இந்த ஆய்வின் அழகு உடனே தெரியும், அதன் குறையும் தெரியும்: இங்கே தோட்டங்கள் இரண்டுதான், நட்டவர் ஆய்வாளர் இல்லை.

மாதிரி உயிரி, அதாவது ஒரு பெரும் வகை முழுவதற்கும் எடுத்துக்காட்டாக வைத்து ஆராயப்படும் உயிரினம், பற்றிய எச்சரிக்கையை இங்கே சுருக்கமாகச் சொல்லிவிடலாம். 2000-இல் மரபணுத் தொகுதி முழுவதும் படிக்கப்பட்ட முதல் பூக்கும் தாவரமான அரபிடாப்சிஸ் நமக்குக் கற்றுத்தந்தவை ஏராளம். ஆனால் தாவர உலகின் பெரும்பகுதி வேர்ப்பூஞ்சைகளோடு கூட்டு வைத்து வாழ, அந்தச் சிறு செடி அப்படி வாழ்வதில்லை என்பதால், அக்கூட்டு வாழ்வைப் பற்றி அது எதையும் சொல்ல முடியவில்லை. மேற்கு ஐரோப்பாவை மாதிரி உயிரியாக வைத்து எழுதப்பட்ட கட்சி முறைக் கோட்பாடுகளுக்கும் இப்படிப்பட்ட குருட்டு இடங்கள் உண்டு. அதிக வாக்குப் பெற்றவரே வெற்றி என்ற முறை இரு கட்சி அமைப்புக்கு இட்டுச்செல்லும் என்ற பெயர்பெற்ற விதியை, கனடாவையும் இந்தியாவையும் பார்த்த பிறகு யாரும் அடிக்குறிப்பின்றிச் சொல்வதில்லை.

இரு துறையும் ஒரே நிகழ்வின்மேல் மோதும் இடம் ஒன்றும் உண்டு. நான் கேட்கும் தாளின் இறுதி வாரங்களுக்கு அதையே பரிந்துரைக்கிறேன். 1943-ஆம் ஆண்டின் வங்கப் பஞ்சத்தில் 30 லட்சம் பேர் வரை இறந்திருக்கலாம் என்று மதிப்பிடுகிறார்கள். தாவர நோயியலர் எஸ். ஒய். பத்மநாபன் 1973-இல், 1942-ஆம் ஆண்டின் நெற்பயிரைப் பழுப்புப்புள்ளி நோய் பூஞ்சை கடுமையாக அழித்ததே பஞ்சத்துக்கு வழிவகுத்தது என்று எழுதினார். அமர்த்தியா சென் 1981-இல், 1943-இல் கிடைத்த உணவின் அளவு முந்தைய ஐந்தாண்டுச் சராசரியைவிட ஏறத்தாழ 5 விழுக்காடு மட்டுமே குறைவு, பஞ்சம் இல்லாத 1941-ஐவிட அது 13 விழுக்காடு அதிகம் என்று கணக்கிட்டு, உணவின்மீது யாருக்கு உரிமை இருந்தது, யார் அதை இழந்தார்கள் என்பதே கேள்வி என்றார். இதில் யார் சரி என்று வகுப்பில் வாக்கெடுக்கச் சொல்லவில்லை. பூஞ்சையின் வித்துகள் எப்படிப் பரவுகின்றன என்று தெரியாதவருக்குப் பத்மநாபனின் வாதத்தை எடைபோட முடியாது. போர்க்காலத்துக் குடியேற்ற ஆட்சிக்கு யார் கேள்வி கேட்க முடியும் என்று தெரியாதவருக்குச் சென்னின் வாதத்தை எடைபோட முடியாது. விளைச்சல் புள்ளிவிவரத்தை யார், எப்படி எடுத்தார்கள் என்று கேட்கத் தெரியாதவருக்கு இரண்டையுமே எடைபோட முடியாது. நோயுற்ற ஓர் இலையையும் இரண்டு கட்டுரைகளையும் மேசையில் வைத்து மூன்று வாரம் பேசலாம். அதற்கும் அருகில் வேண்டுமானால், 2018 மார்ச்சில் அமெரிக்க வேளாண் துறை, மரபான கலப்பு முறையாலும் கிடைத்திருக்கக்கூடிய மரபணு திருத்தப் பயிர்களைத் தனியே ஒழுங்குபடுத்தப் போவதில்லை என்று அறிவிக்க, அதே ஆண்டு ஜூலையில் ஐரோப்பிய நீதிமன்றம் அத்தகைய பயிர்களையும் மரபணு மாற்றப் பயிர்களுக்கான சட்டத்தின்கீழ் கொண்டுவந்ததை எடுத்துக்கொள்ளலாம்: ஒரே செடி, இரண்டு சட்டத் தோட்டங்கள்.

இனி, நான் கேட்பது என்ன என்பதைத் தெளிவாகச் சொல்லிவிடுகிறேன். இரண்டாம் பருவத்தில் ஒரே ஒரு பொதுத் தாள் வேண்டும். தாவர அறிவியல் மாணவர்களும் அரசியல் மாணவர்களும் சரிபாதியாக அதில் இருக்க வேண்டும்; இரு துறை ஆசிரியர்களும் ஒரே நேரத்தில் வகுப்பறையில் இருக்க வேண்டும், ஆளுக்குப் பாதிப் பருவம் என்று பங்கு போட்டுக்கொள்ளக் கூடாது, ஏனென்றால் பங்கு போட்ட தாள்கள் இரண்டாவது மாதமே இரண்டு தாள்களாகிவிடும். ஒவ்வொரு மாணவரும் ஒரு தாவரப் பேரினத்தையும் ஓர் அரசியல் நிறுவனத்தையும் தாமே தேர்ந்தெடுத்துப் பருவம் முழுவதும் பின்தொடர வேண்டும். ஏன் அவற்றைத் தேர்ந்தெடுத்தார் என்பதை முதல் மாதத்திலேயே எழுதிக் கொடுக்க வேண்டும். செய்முறை நேரத்தில் அரசியல் மாணவர்களும் ரேசர் பிளேடு பிடித்துக் குறுக்கு வெட்டு எடுக்கட்டும், முதல் பத்து வெட்டும் தடித்துக் கிழிந்து போகட்டும்; தாவர அறிவியல் மாணவர்களும் அரசமைப்பு ஒன்றின் அவசரநிலைப் பிரிவைச் சொல் சொல்லாகப் படிக்கட்டும். தேர்வில் பாடநூலில் இல்லாத இரண்டு தாவர மாதிரிகளையும் இரண்டு அரசமைப்புப் பகுதிகளையும் கொடுத்து, இவற்றை ஒப்பிடலாமா, எதன் அடிப்படையில், எந்தச் சான்று கிடைத்தால் உங்கள் முடிவை மாற்றிக்கொள்வீர்கள் என்று கேளுங்கள். கடைசிக் கேள்விக்கே மதிப்பெண் மிகுதியாக இருக்கட்டும். இதற்குப் புதிய கருவி எதுவும் வாங்க வேண்டியதில்லை; உலர்தாவரத் தாள்களும் நுண்ணோக்கியும் ஏற்கெனவே இருக்கின்றன, அரசமைப்புச் சட்டங்கள் பொதுவெளியில் கிடைக்கின்றன.

உங்கள் குழுக்களில் எழக்கூடிய மறுப்புகளை அறியாதவன் அல்லன். கிரெடிட் எண்ணிக்கை நிரம்பிவிட்டது, எதை எடுப்பது என்பீர்கள். தாவர அறிவியலில் ஊர்வலத்தின் நீளத்தைக் குறையுங்கள் என்பேன்; எல்லாப் பிரிவுகளின் வாழ்க்கைச் சுழற்சியையும் மனப்பாடம் செய்தவர், மூன்றை ஒப்பிட்டுப் புரிந்துகொண்டவரைவிட அதிகம் அறிந்தவர் என்று என்னால் ஒப்புக்கொள்ள இயலவில்லை. ஒப்பீட்டு அரசியலில் ஐந்து நாடுகளை மூன்றாக்குங்கள். ஆய்வு முறையியல் ஆய்வுப் படிப்பில்தான் வர வேண்டும் என்பது இரண்டாவது மறுப்பு. இளநிலை முடித்தவர்களில் மிகப் பெரும்பாலோர் ஆய்வுப் படிப்புக்கு வருவதே இல்லை என்பதை உங்கள் சேர்க்கைப் பதிவேடுகளே காட்டும். இருதுறைப் பாடம் என்றாலே நீர்த்துப்போன பாடம் என்ற மூன்றாவது மறுப்பில் நியாயம் உண்டு. அப்படிப்பட்ட தாள் ஒன்றில் நானே ஒரு பருவம் அமர்ந்திருக்கிறேன். ஒவ்வொரு வாரமும் ஒரு விருந்தினர் வந்து தம் துறையைப் பாராட்டிவிட்டுப் போனார், இறுதியில் எங்களிடம் மிஞ்சியவை சில ஒளிப்படங்கள். நான் கேட்பதில் விருந்தினர் இல்லை. பிளேடும் சட்டப் பிரிவும் கையில் இருக்கும்வரை நீர்த்துப்போவது கடினம்.

இருக்கும் மறுப்புகளில் எனக்கு விடை தெரியாதது ஒன்று உண்டு. இரு ஆசிரியர்கள் ஒரே வகுப்பில் நின்றால் பணிச்சுமைக் கணக்கில் அது யாருடைய மணி நேரம்? இதைத் தீர்க்கும் அதிகாரம் என்னிடம் இல்லை, உங்களிடம் இருக்கிறது. இருவருக்கும் முழு மணி நேரமாகக் கணக்கிடுங்கள் என்பதே என் கோரிக்கை; பாதியாகக் கணக்கிட்டால் இத்தாளை எடுக்க யாரும் முன்வரமாட்டார்கள்.

அடுத்த பாடத்திட்டத் திருத்தத்தின்போது இதை ஒரு முன்மொழிவாகப் பதிவுசெய்து, ஒரு கல்லூரியிலேனும் இரண்டு ஆண்டுகள் நடத்திப் பார்க்க இசைவு தருமாறு வேண்டுகிறேன். விளக்கம் தேவையென்று கருதினால், குழு கூடும் நாளில் கள்ளித் துண்டுகள் இரண்டும் முட்கள் நான்கும் எடுத்துக்கொண்டு வரத் தயாராக இருக்கிறேன். அரசமைப்புச் சட்டங்களில் நான்கை உறுப்பினர்கள் கொண்டுவந்தால் போதும்.

இப்படிக்கு,
தாவர அறிவியல் ஆசிரியர் ஒருவர்